பூவைப் பார்க்காதே, அடியைப் பார்!

அமெரிக்க ஏலக்கூடங்களில் பழைய பூச்சாடிகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் நாளில் போய் நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். சாடியின் மேல் அல்லி மலர்ந்திருக்கும், நாரை பறந்துகொண்டிருக்கும். வந்தவர் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். இரண்டு கையாலும் சாடியை எடுத்துக் கவிழ்ப்பார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுப்பார். அடிப்பாகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவார். பூவைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் 1880 முதல் 1920 வரை அமெரிக்காவில் உருவான ‘ஆர்ட் பாட்டரி’ என்கிற கலை மட்பாண்டங்களைப் பொறுத்தவரை, அடியில் இருக்கும் விஷயம் பல நேரங்களில் மேலே இருப்பதைவிடச் சுவையானது. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, என்ன மண், யார் தீட்டியது என்று அங்கேதான் பதிந்திருக்கும். இதில் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் காசு. அந்தக் காலத்துப் பெரும்பாலான தொழிற்சாலைப் பாண்டங்களில் முதலாளி பெயர் இருக்கும். வேலை செய்தவர் பெயர் இருக்காது. இந்த அமெரிக்கப் பட்டறைகளில் பல, சம்பளத்துக்கு வந்த பெண்களைத் தங்கள் பெயரின் முதலெழுத்தை ஈர மண்ணில் கீற விட்டன. நூறு வருடம் கழித்து ஒரு சாடி நூறு டாலருக்குப் போகுமா, பத்தாயிரத்துக்குப் போகுமா என்பதைப் பல சமயம் அந்தக் கீறல்தான் முடிவு செய்கிறது. போலிகள் கிளம்புவதும் அதைக் குறிவைத்துத்தான்.

சின்சினாட்டியில் இரண்டு சீமாட்டிகள்

1876இல் அமெரிக்கா தன் சுதந்திரத்தின் நூற்றாண்டை ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கண்காட்சி வைத்துக் கொண்டாடியது. ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியிலிருந்து போன வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் அங்கே ஜப்பானியப் பாண்டங்களின் முன்னாலும், பிரான்சின் ஹாவிலண்ட் நிறுவனப் பாண்டங்களின் முன்னாலும் மலைத்து நின்றார்கள். ஹாவிலண்ட்காரர்கள் எண்ணெய் ஓவியம் போன்ற அடர்த்தியான வண்ணத்தை நேராக மண்ணின் மேல் தீட்டி, அதன்மேல் ‘கிளேஸ்’ என்கிற கண்ணாடிப் பூச்சைக் கொடுத்துச் சுட்டிருந்தார்கள். வண்ணம் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதுவரை இந்தப் பெண்கள் பழகியதோ, கடையில் வாங்கிய வெள்ளைப் பீங்கானின் மேல் தூரிகையால் பூப் போடும் பொழுதுபோக்கு மட்டுமே.

மேரி லூயிஸ் மெக்லாஃப்லின் ஊர் திரும்பியதும், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தானாகவே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1878 தொடக்கத்தில் சூளையிலிருந்து நல்லபடியாக ஒரு சாடி வெளியே வந்தது. அடுத்த வருடமே பெண்களைச் சேர்த்துச் சின்சினாட்டி பாட்டரி கிளப்பைத் தொடங்கிவிட்டார். மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் அதே ஊரின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண். அவர் கிளப்பில் சேரவில்லை. தந்தை பழைய பள்ளிக்கூடம் ஒன்றை வாங்கிக் கொடுக்க, அதில் தனிப் பட்டறையே வைத்தார். 1880 நவம்பரில், நன்றி நவிலும் திருநாளன்று முதல் சூளையைப் பிரித்தார்கள். குடும்பத்தின் பண்ணை வீட்டுப் பெயரையே பட்டறைக்கும் வைத்தார்: ருக்வுட்.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ருக்வுட் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த கிளப் பெண்களை 1883இல் காலி செய்ய வைத்தார்கள். கிளேஸுக்கு அடியில் வண்ணம் தீட்டும் வித்தையை அமெரிக்காவில் முதலில் பிடித்தவர் யார் என்ற சண்டை 1893 சிகாகோ கண்காட்சிக் காலம் வரை ஓய்ந்தபாடில்லை. பிடித்தவர் மெக்லாஃப்லின்தான் என்பதே என் தீர்ப்பு. ஆனால் வரலாறு பட்டறை வைத்தவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வித்தை தெரிந்தவருக்கும் சூளை சொந்தமாக இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

ருக்வுட்டை நிலைநிறுத்தியவர் மரியாவும் இல்லை. 1883இல் நிர்வாகியாக வந்த வில்லியம் வாட்ஸ் டெய்லர்தான். அவர் கணக்குப் பார்க்கிறவர். அடிப்பாகத்தை ஒரு பேரேடாகவே மாற்றியவர் அவர் என்று சொல்லலாம்.

சுடர்களை எண்ணுவது எப்படி

1886இல் ருக்வுட் ஒரு முத்திரையை எடுத்துக்கொண்டது: இடவலம் புரட்டிப் போட்ட ‘ஆர்’ எழுத்தும் ‘பி’ எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். 1887இல் அதன் தலையில் ஒரு தீச்சுடர் சேர்ந்தது. பிறகு ஆண்டுக்கு ஒரு சுடர். 1900இல் பதினான்கு சுடர்கள் முத்திரையைச் சுற்றி ஒளிவட்டம் போல நின்றன. இனி இடமில்லை. 1901 முதல் சுடர்களை அப்படியே விட்டுவிட்டு, கீழே ரோமன் எண்ணில் ஆண்டைப் போட ஆரம்பித்தார்கள். ஆகவே ருக்வுட் சாடிக்கு வயது சொல்ல நிபுணர் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். 1886க்கு முந்தையவற்றில் பட்டறையின் பெயரும் ஆண்டும் வெளிப்படையாகவே அழுத்தியிருக்கும்.

அதோடு முடியாது. முத்திரைக்குக் கீழே வடிவத்தின் எண். பக்கத்தில் அளவைச் சொல்லும் ஒற்றை எழுத்து. மண்ணின் நிறத்துக்கு ஒரு எழுத்து, சில காலங்களில் கிளேஸின் வகைக்கு ஒன்று. கடைசியாக, கையால் கீறிய சின்னம், தீட்டியவரின் முதலெழுத்து. சில சாடிகளில் இவை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு சாணைச் சக்கரத்தால் அறுத்த ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது ‘இரண்டாம் தரம்’ என்று பட்டறையே போட்ட வெட்டு. கிளேஸில் ஒரு குமிழி, சூளையில் கோணிய வாய் என ஏதோ ஒரு குறை. வாங்கப் போகிறவர் அந்த வெட்டைப் பார்த்ததும் விலையைக் குறைத்துக் கேட்பார். குறை என்னவென்று சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காத சாடிகளும் உண்டு. டெய்லர் ஆட்களின் கண் அவ்வளவு கறார்.

முதலெழுத்துகளில் ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். அது ஆங்கிலமே இல்லை, ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்கும். கட்டாரோ ஷிராயமதானி 1887இல் ருக்வுட்டுக்கு வந்தவர். நடுவில் சில ஆண்டுகள் ஜப்பான் திரும்பியதைத் தவிர, 1948இல் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். மற்றவர்கள் சாடியின் வயிற்றில் ஒரு பூங்கொத்தைப் பதித்து நிறுத்தினால், இவர் சாடி திரும்பும் பக்கமெல்லாம் கொடியைத் திருப்புவார். பின்பக்கத்தைப் பார்த்தே இது அவர் கை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ருக்வுட்டின் முதல் பெரிய வெற்றி ‘ஸ்டாண்டர்ட்’ கிளேஸ்: அடர் பழுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு மெல்ல வெளுக்கும் பின்னணி, அதன்மேல் பூக்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1894இல் வெளிர் நிறத்து ‘ஐரிஸ்’, 1904இல் மூடுபனி படர்ந்தாற்போன்ற ‘வெல்லம்’ என அடுத்தடுத்து வந்தன. இன்றைய சந்தையில் பழுப்புப் பூச்சாடிகளுக்கு மவுசு குறைந்துவிட்டது. சிறியவை சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன. தொடங்குகிறவருக்கு இது நல்ல காலம். அதே பழுப்பில் பழங்குடித் தலைவர்களின் முகம் தீட்டியவை மட்டும் விலை இறங்கவே இல்லை. புகைப்படங்களைப் பார்த்து எழுதிய முகங்கள் அவை. நிலத்தை விட்டு விரட்டியவர்களின் முகத்தையே வரவேற்பறை மேசைக்கு அலங்காரமாக வாங்கிய காலம் அது என்பதை, அந்தச் சாடியின் அழகை ரசிக்கும்போதும் மறக்க முடியவில்லை.

அந்தப் பழுப்புப் பின்னணி அவ்வளவு சீராக மாறுவதற்குக் காரணம் லாரா ஃப்ரை. வாயால் ஊதும் தெளிப்பானைக் கொண்டு நிறக் களிமண் கூழை ஈரச் சாடியின் மேல் தூவலாம் என்று 1880களின் நடுவில் ருக்வுட்டுக்குக் காட்டிக்கொடுத்தவர். தூரிகைத் தடமே தெரியாமல் ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்தது. 1889இல் காப்புரிமையும் வாங்கினார். ருக்வுட்டை விட்டு வெளியே வந்தபின், தன் முறையைப் பயன்படுத்தக் கூடாதென்று வழக்குப் போட்டார். 1898இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: பழைய கருவியைப் புதிய காரியத்துக்குப் பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது என்றார் நீதிபதி. அந்த நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தெளிப்பான் இல்லாத ‘ஸ்டாண்டர்ட்’ கிளேஸைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

ஜேன்ஸ்வில்லின் கைவரிசை

வித்தை ஊர் தாண்டியது. லாரா ஃப்ரை போய்ச் சேர்ந்த ஸ்டூபன்வில் பட்டறைக்கு ‘லோன்ஹூடா’ என்று பெயர்; லாங், ஹன்டர், டே என்ற மூன்று பங்காளிகளின் பெயரைக் கிள்ளிக் கோத்தது. பூந்தொட்டி விற்றுப் பணம் சேர்த்த ஜேன்ஸ்வில் ஊர் சாம் வெல்லர், 1890களின் நடுவில் லாங்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். முறை கைக்கு வந்தது. லாங் வெளியே போனார். வெல்லர் சரக்கின் பெயரை ‘லவெல்சா’ என்று மாற்றினார்: மகள் லூயிஸ், குடும்பப் பெயர், தன் பெயரின் முதலெழுத்துகள். அதே ஊரில் ரோஸ்வில் நிறுவனம் ‘ரோசேன்’ என்றும், ஓவன்ஸ் நிறுவனம் ‘யுடோப்பியன்’ என்றும் அதே பழுப்பை அதே பூவோடு விற்றன.

மூன்று அடி தள்ளி நின்று பார்த்தால் இவை நான்கும் ஒன்றுதான். இங்கேதான் சாடியைக் கவிழ்க்கிறவர் ஜெயிக்கிறார். ரோசேனின் ஆரம்பகாலச் சாடிகளில் ‘ஆர்பி கோ’ என்ற முத்திரை உண்டு. புதிதாக வருகிறவர் அதை ‘ருக்வுட் பாட்டரி கம்பெனி’ என்று படித்துப் பணத்தை நீட்டிவிடுவார். இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ரோஸ்வில் என்பது ஓஹையோவில் ஓர் ஊர். ரோஸ்வில் பாட்டரி அங்கே பிறந்து பிற்பாடு ஜேன்ஸ்வில்லுக்கு இடம் பெயர்ந்தது. அந்த ஊரிலேயே இருந்த ராபின்சன் ரான்ஸ்பாட்டம் என்ற வேறொரு கம்பெனி, தன் சாதாரணப் பூந்தொட்டிகளின் அடியில் ‘ஆர் ஆர் பி கோ, ரோஸ்வில், ஓஹையோ’ என்று நேர்மையாகவே ஊர்ப் பெயரைப் போட்டது. தெருவோரப் பழம்பொருள் சந்தைகளில் அந்தத் தொட்டிகள் இன்றுவரை ரோஸ்வில் பாட்டரியின் விலையில் போகின்றன. விற்கிறவரும் பல நேரம் அதை நம்பித்தான் விற்கிறார்.

ஜேன்ஸ்வில்லை நகல் எடுக்கும் ஊர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வெல்லரிடம் 1901இல் வந்து சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ழாக் சிகார், மயில் கழுத்தைப் போல மினுங்கும் உலோகப் பூச்சைச் செய்தார். அதன் கலவையை முதலாளிக்கே காட்டவில்லை. 1907இல் ஊர் திரும்பும்போது ரகசியத்தையும் எடுத்துக்கொண்டே போனார். வெல்லர், லாங்குக்குச் செய்தது சிகாரிடம் பலிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஒரே நிலவு, ஒரே ஓக் மரம்

நியூ ஆர்லியன்சில் இருந்த நியூகாம் பெண்கள் கல்லூரியில் 1890களின் நடுவில் பட்டறை தொடங்கினார்கள். படித்த பெண்களுக்குக் கௌரவமாக ஒரு வருமானம் வேண்டும் என்பது நோக்கம். சக்கரத்தில் வனைவது மட்டும் ஆண்; பெரும்பாலும் ஜோசப் மேயர். தீட்டுவதும் செதுக்குவதும் பெண்கள். நியூகாம் சாடியின் அடியில் ‘சி’ எழுத்துக்குள் அடங்கிய ‘என்’, வனைந்த மேயரின் ‘ஜே எம்’, தீட்டிய பெண்ணின் முதலெழுத்து, பதிவேட்டுக் குறியீடு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். வனைந்தவருக்கும் தீட்டியவருக்கும் ஒரே அடிப்பாகத்தில் இடம் கொடுத்த பட்டறைகள் குறைவு. ஒரு சாடியைப் போல இன்னொன்று செய்வதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை.

1910இல் பால் காக்ஸ் என்ற ரசாயன வல்லுநர் வந்து மங்கலான ‘மேட்’ கிளேஸைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய சாடிகள் பளபளக்கும். கோடுகள் அழுத்தமாகக் கீறியிருக்கும். தாவரங்கள் துணிச்சலாக நிற்கும். பிந்தையவை நீலமும் பச்சையும் குழைந்த கனவு போல இருக்கும். அந்தக் கனவில் அடிக்கடி வருவது ஒரே காட்சி: பாசி தொங்கும் ஓக் மரம், பின்னால் முழுநிலவு. அதை வரைந்து புகழ்பெற்ற சேடி இர்வினுக்கே அது அலுத்துப்போனது. வாங்குகிறவர்கள் விடவில்லை, நிலவைத்தான் கேட்டார்கள். ‘ஒன்றைப் போல் ஒன்று இல்லை’ என்ற கொள்கை காகிதத்தில் பிழைத்தது. சந்தையில் இன்றும் நிலவுச் சாடிக்குக் கூட்டம் சேரும். ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் 1910க்கு முந்தைய பளபளப்பைத்தான் தேடிப் போகிறார்கள். கையில் காசு இருந்தால் நானும் அவர்கள் பக்கம்.

பாஸ்டனின் வட கோடியில் இத்தாலிய, யூதக் குடியேறிகளின் பெண்பிள்ளைகளுக்காக நூலகர் ஈடித் கெரியர் ஒரு வாசிப்புக் குழு வைத்திருந்தார். அவர்கள் கூடும் நாளை வைத்து ‘சனிக்கிழமை மாலைப் பெண்கள்’ என்று பெயர். 1908 வாக்கில் அந்தக் குழுவே ஒரு மட்பாண்டப் பட்டறையாக வளர்ந்தது. குழந்தைகளுக்கான கஞ்சிக் கிண்ணம், பால் குவளை, அதைச் சுற்றி வாத்தும் முயலும் வரிசை கட்டும். அடியில் குழுவின் மூன்றெழுத்து, தேதி, தீட்டிய பெண்ணின் எழுத்து. கலிஃபோர்னியாவின் அரெக்கிப்பா கதை இன்னும் வித்தியாசமானது. காசநோய் வந்த உழைக்கும் பெண்களுக்கான மருத்துவமனை அது. 1911 முதல் 1918 வரை அங்கே நோயாளிகளே பாண்டங்களை அலங்கரித்தார்கள். குறைந்த ஆண்டுகளே நடந்ததால் அரெக்கிப்பா சாடி எளிதில் கண்ணில் படாது.

முத்திரை இல்லாத பச்சை

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்தறிவு இருந்தால் முடிகிற வேலை. அடி மொட்டையாக இருந்தால்?

பாஸ்டன்காரர் வில்லியம் குரூபி 1893 சிகாகோ கண்காட்சியில் பிரெஞ்சு மட்பாண்டங்களைப் பார்த்துவிட்டு, பளபளப்பே இல்லாத ஒரு பச்சையைக் கண்டுபிடித்தார். வெள்ளரித் தோல் போன்ற பச்சை என்று அதைச் சொல்வார்கள். வனைந்த சாடியின் மேல் கலைப்பள்ளிப் பெண்கள் களிமண் இழைகளை ஒட்டி ஒட்டி இலைகளை எழுப்பினார்கள். இலையின் விளிம்பில் கிளேஸ் மெலிந்து மண்ணின் வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும். பள்ளத்தில் தடித்து இருளும். டிஃபனி நிறுவனமே தன் கண்ணாடி விளக்குகளுக்கு அடித்தண்டாக குரூபி சாடிகளை வாங்கியது. நியூயார்க் சுரங்க ரயிலில் ஆஸ்டர் பிளேஸ் நிலையத்துச் சுவரில் மரத்தைக் கொறிக்கும் நீர்நாய் போன்ற பீவர் ஓடு பதித்திருக்கிறதே, அதுவும் குரூபியின் வேலை.

புகழ் வந்ததும் ஊரெல்லாம் பச்சை. இல்லினாயின் டீகோ, கட்டடக் கலைஞர்கள் வரைந்த வடிவங்களை அச்சில் வார்த்தது. நியூ ஹாம்ப்ஷயரின் கீன் ஊரில் ஹாம்ப்ஷயர் பாட்டரி மலிவாகப் போட்டது. அங்கே கிளேஸ் வல்லுநராக இருந்த காட்மன் ராபர்ட்சன், மனைவி எமொரெட்டாவின் நினைவாக வட்டத்துக்குள் ‘எம்’ எழுத்தை முத்திரையோடு சேர்த்தது சேகரிப்பாளர்கள் ரசித்துச் சொல்லும் செய்தி. மலிவுப் பச்சையோடு போட்டி போட முடியாமல் குரூபி 1909இல் திவாலானார்.

ஆகவே முத்திரையற்ற பச்சைச் சாடி ஒன்று கிடைத்தால் எல்லோரும் ‘குரூபி’ என்றுதான் கூவுவார்கள். நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவினால், வனைந்த சாடியில் விரல் சுற்றிய வரிகள் தட்டுப்படும். அச்சில் வார்த்ததில் அவை இருக்காது. பக்கவாட்டில் இரண்டு அச்சுகள் சேர்ந்த தையல் மெலிதாகத் தெரியும். இலை ஒட்டியதா, அச்சிலேயே எழும்பியதா என்று விளிம்பு சொல்லிவிடும். அடியில் கிளேஸ் படாத வளையத்தில் மண்ணின் நிறம் தெரியும். கை எடையையும் நம்பலாம். பத்து உண்மையான குரூபியைத் தூக்கியவருக்குப் பதினோராவதைத் தூக்கியதுமே தெரியும் என்பார்கள். அந்தப் பத்தைத் தூக்க எங்கே போவது? அருங்காட்சியகத்தில் தொட விட மாட்டார்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் தாராளமாகத் தொடலாம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தத் துறையில் இலவசக் கல்வி அது ஒன்றுதான்.

சேதம் பார்ப்பது தனிக் கலை. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் செய்வது போலவே இங்கும் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் ஓசை செத்துவிடும். பிறகு இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். ஒட்டிப் பூசிய பிசினும் பெயின்டும் கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். கிளேஸ் முழுக்க வலை போல ஓடும் நுண்ணிய வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். மண்ணும் கிளேஸும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது. ருக்வுட்டில் அது சகஜம், வெடிப்பே இல்லாத ‘ஐரிஸ்’ கிடைத்தால் விலை ஏறும். அடியில் துளை இருந்தால் விளக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் துளைக்குள்ளும் கிளேஸ் ஓடியிருந்தால் அது பட்டறையே விளக்குக்காகப் போட்ட துளை. பின்னால் யாரோ துரப்பணத்தால் குடைந்ததில்லை. விலையில் இரண்டுக்கும் தூரம் அதிகம்.

முத்திரை இருந்தும் ஏமாறக்கூடிய இடங்கள் உண்டு. ருக்வுட்டில் வேலை பார்த்து, அவர்கள் செலவிலேயே பாரிஸ் போய்ப் படித்த ஆர்ட்டஸ் வான் பிரிகிள், காசநோய்க்காக 1899இல் கொலராடோ மலைக்காற்றைத் தேடிப் போனார். அங்கே 1901இல் தொடங்கிய பட்டறையில் அவர் செய்த ‘லோரெலை’ சாடியில், ஒரு பெண் சாடியின் வாயைச் சுற்றிக் கூந்தலும் உடலுமாக உருகிக் கிடப்பாள். 1904 ஜூலை 4 அன்று இறந்துபோனார். மனைவி ஆன் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். வேறு கைகளுக்கு மாறி 2012 வரை அது நடந்தது. லோரெலையும் தலைமுறை தலைமுறையாக வார்க்கப்பட்டாள். எல்லாமே அசல் வான் பிரிகிள்தான், எல்லாவற்றிலும் இரட்டை ‘ஏ’ முத்திரைதான். அவர் உயிரோடிருந்தபோது ஆண்டு கீறி வெளிவந்ததற்கும், சுற்றுலாப் பயணிகளுக்காக எழுபது வருடம் கழித்து வார்த்ததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கலப்படமில்லாத போலி என்றால் ரோஸ்வில்தான். 1954இல் மூடிய அந்த நிறுவனத்தின் பூ அச்சுச் சாடிகளை 1990களின் நடுவிலிருந்து சீனாவில் வார்த்து அமெரிக்கச் சந்தையில் இறக்கினார்கள். அசல் பிற்காலச் சாடிகளில் ‘ரோஸ்வில்’ என்பதற்குக் கீழே ‘யு.எஸ்.ஏ.’ என்று புடைப்பெழுத்தில் இருக்கும். முதலில் வந்த போலிகளில் நாட்டின் பெயர் இல்லை. இதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டவர்கள் வேறு பக்கம் அடிபட்டார்கள்: 1930களின் அசல் சாடிகள் சிலவற்றில் எழுத்து குழிந்திருக்கும், அங்கே நாட்டின் பெயர் கிடையாது, இன்னும் சிலவற்றில் காகித ஒட்டிதான், அது எப்போதோ உரிந்துபோனது. அசலைப் போலி என்று தள்ளியவர்களும் உண்டு.

பிலாக்ஸியின் மீசைக்காரர்

கையெழுத்தை நம்புகிறவர்களுக்குக் கடைசிப் பாடம் சொல்கிறவர் ஜார்ஜ் ஓர். மிசிசிப்பிக் கடற்கரையில் பிலாக்ஸி ஊர்க்காரர், 1857இல் பிறந்தவர், நியூகாமின் ஜோசப் மேயரிடமே தொழில் கற்றவர். காதுவரை முறுக்கிய மீசை. உலகிலேயே பெரிய குயவன் நான்தான் என்று தானே பலகை எழுதி வைத்துக்கொள்கிற வாய். வாய்க்குத் தகுந்த விரலும் இருந்தது. அவர் அளவுக்கு மெல்லிய சுவரை அன்றைய அமெரிக்காவில் வனைந்தவர் இல்லை. வனைந்து முடித்த மெல்லிய சாடியை ஈரம் காயும் முன் முறுக்குவார், மடிப்பார், ஓரிடத்தில் குழியும்படி அமுக்குவார். உடைந்துபோக வேண்டியது உடையாமல் நிற்கும்.

1894இல் பிலாக்ஸியில் பெருந்தீ. பட்டறை சாம்பலானது. கருகிச் சுருங்கிய சாடிகளை வீசி எறியாமல் ‘சுட்ட குழந்தைகள்’ என்று சேர்த்து வைத்தார்; சாடிகளையெல்லாம் அவர் பிள்ளைகள் என்றுதான் அழைப்பார். தீக்குப் பிறகு அவர் கை இன்னும் துணிந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது, வாங்க ஆளில்லை. குடும்பம் பிழைத்தது வடிகால் குழாயிலும் பூந்தொட்டியிலும் திருவிழாப் பொம்மையிலும்தான். நல்ல சாடிகளுக்கு யாரும் கொடுக்க முடியாத விலையைச் சொல்லி, விற்காமலே வைத்துக்கொண்டார். 1910 வாக்கில் சக்கரத்தை நிறுத்தினார். 1918இல் இறந்தார். மகன்கள் பட்டறையைக் கார் பழுதுபார்க்கும் கடையாக மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான சாடிகள் அரை நூற்றாண்டு தூசியில் கிடந்தன.

1970களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி அவற்றை மொத்தமாக வாங்கினார். அதே சமயம் 1972இல் பிரின்ஸ்டனில் நடந்த கைவினை இயக்கக் கண்காட்சி, மறந்துபோன இந்தத் துறையையே மறுபடி பேச வைத்தது. ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ், ஜார்ஜின் சாடிகளைச் சேகரித்துத் தன் ஓவியங்களுக்குள்ளும் அவற்றை வைத்தார். ராபர்ட் எலிசன் 2009இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த முந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க மட்பாண்டங்களில் ஜார்ஜுக்குச் சிறப்பிடம் உண்டு. பிலாக்ஸியில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த அருங்காட்சியகமே எழுந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போது 2005இல் கத்ரீனா புயல் ஒரு சூதாட்டக் கப்பலைத் தூக்கி அதன்மேல் போட்டதையும் மீறித்தான்.

ஜார்ஜின் சாடியில் தொடக்க காலத்தில் பெயரும் ஊரும் அச்செழுத்தாக அழுத்தியிருக்கும். 1890களின் கடைசியிலிருந்து அவர் கைப்படச் சாய்த்து எழுதிய கையெழுத்து வரும். பிற்காலத்தில் அவர் பல சாடிகளுக்குக் கிளேஸே போடவில்லை. மண்ணின் வடிவத்துக்கு வண்ணம் இடைஞ்சல் என்று அவருக்குத் தோன்றியது. கிடங்கிலிருந்து வெளியே வந்தபோது வாங்கியவர்களுக்கு அது புரியவில்லை. வண்ணமில்லாதது முடிக்காத வேலை என்று நினைத்தார்கள். வண்ணச் சாடிக்குத்தான் பெரிய விலை. எனவே சிலர் அந்தச் சுட்ட மண் சாடிகளுக்குப் புதிதாகக் கிளேஸ் பூசி மறுபடி சூளையில் வைத்தார்கள். இப்படி வந்த சாடியில் மண் அசல், வனைந்த கை அசல், கையெழுத்தும் அசல். வண்ணம் மட்டும் வேறொருவர் போட்டது. அடியைப் படிப்பதால் இங்கே ஒரு பயனும் இல்லை. பழைய சில்லு பெயர்ந்த இடத்தின் மேலும் கிளேஸ் ஓடியிருக்கிறதா, தேய்ந்திருக்க வேண்டிய விளிம்பு புதிதாக மினுங்குகிறதா, ஜார்ஜ் ஒருபோதும் கலக்காத நிறமா என்று சாடியின் உடம்பையே தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும்.

வண்ணமில்லாத சாடிகளையே தேடி வாங்குகிறவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். மறுபூச்சுக்கான ஆசை குறைந்துவிட்டது. முன்பு பூசியவை மட்டும் சந்தையில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நாணயமான ஏல நிறுவனங்கள் பட்டியலிலேயே ‘பிற்காலத்தில் கிளேஸ் பூசியது’ என்று அச்சிட்டுவிடும். பட்டியல் மௌனமாக இருந்தால், பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எழுதித் தரத் தயங்கினால் சாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.